கடைசிப் பக்கத்துப் பட்டன்

"வாரம் ஒண்ணாச்சு, ஒரு லாஞ்சுகூட கடைசிப் பக்கத்தத் தாண்டலயே. இன்னா மேடம் சாப்ட்வேர் இது?"

காசிமேட்டு மீன்பிடி லாஞ்சுக்காரர்கள் சங்கத் தலைவர் தேசப்பன் இப்படிக் கேட்டதும், சங்க ஆபீஸ் மூலையில் டிபன் கேரியரோடு உட்கார்ந்திருந்த தங்கபுஷ்பத்துக்குக் காது குளிர்ந்தது. பெற்ற மகள் திட்டு வாங்குவதில் தாய்க்கு என்ன சந்தோஷம் என்று கேட்காதீர்கள். இந்த சாப்ட்வேரைச் சங்கம் வேண்டாம் என்றுவிட்டால் வேலையை விட்டுவிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரும் தூத்துக்குடி அரிசி மண்டிக்காரர் மகன் முன்னால் தலைவாரி உட்காருகிறேன் என்று அம்மாவின் நச்சரிப்புத் தாங்காமல் சுஜா வாக்குக் கொடுத்திருந்தாள். இன்றுதான் கெடு. தண்டையார்பேட்டை மளிகைக் கடையை வேலையாளிடம் ஒப்படைத்துவிட்டு, மகளுக்குச் சோறு கொண்டுவரும் சாக்கில் தங்கபுஷ்பம் வந்தது அந்தக் கண்கொள்ளாக் காட்சிக்காகத்தான்.

கடலுக்குப் போகும் லாஞ்சுகளுக்குச் சங்கம் கையால் எழுதிக் கொடுத்துவந்த அனுமதிச் சீட்டைத்தான் சுஜா கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தாள். டிரைவரே உட்கார்ந்து தட்டலாம். முதல் பக்கத்தில் லாஞ்சு நம்பர், கீழே 'அடுத்து' பட்டன். பிறகு ஆட்களின் பெயர், 'அடுத்து'. டீசல், ஐஸ், லைஃப் ஜாக்கெட், மறுபடி 'அடுத்து'. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அந்தப் பட்டன் மங்கிப்போய் மேலே நகர விடாது. தப்பாக அடித்தால் 'பின்னால்' போகலாம். கடைசிப் பக்கத்தில் 'முடிந்தது' என்று ஒரு பட்டன். அதை அமுக்கினால் சீட்டு அச்சாகி வரும்.

வரவில்லை. எல்லா டிரைவர்களும் அந்தப் பக்கம் வரை ஒழுங்காக வந்து, "மெஷின் மாட்டிகிச்சு, கையிலயே எயுதிக் குடு நைனா" என்று எழுந்து போய்விட்டார்கள். சுஜா புரோகிராமை வரி வரியாகப் பேன் பார்த்தாள். ஒன்றும் சிக்கவில்லை.

"இதுக்கா ஏட்டி உன்னைய இஞ்சினீருக்குப் படிக்க வச்சேன்? நம்ம கடை தராசு இதைவிட ஒழுங்கா வேலை செய்யும்" என்றாள் தங்கபுஷ்பம்.

"அம்மா, சும்மா இரு."

பத்து நாள் கடலில் கிடந்துவிட்டு நேற்றுத்தான் கரையேறியிருந்த டிரைவர் வெற்றி, கம்ப்யூட்டர் முன் வந்து உட்கார்ந்தான். நல்ல உயரம், வெயிலில் கறுத்த முகம். தட்டுவதில் வேகம். அடுத்து, அடுத்து, அடுத்து. கடைசிப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டான்.

"அமுக்குங்க" என்றாள் சுஜா.

"மாட்டேன்."

"மாட்டிக்கிச்சா?"

"மெஷின் நல்லாதான் கீது. நான்தான் அமுக்க மாட்டேன்."

வாசலில் நின்ற டிரைவர்கள் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். தங்கபுஷ்பத்தால் வாயை வைத்துக்கொண்டிருக்க முடியுமா?

"ஏன் தம்பி, தொட்டா ஷாக் அடிக்குதோ?"

வெற்றி திரும்பினான். "கடலுக்குப் போற நேரத்துல எவனாச்சும் 'முடிந்தது'ன்னுவானா? வாசப்படி தாண்டசொல்லோ 'போறேன்'னு ஒரு வார்த்த வாயில வராது. இத்த எங் கையாலயே அமுக்கிட்டு லாஞ்ச எடுக்கணுமா? எனக்குப் பொண்டாட்டி கீறா."

"அத்தச் சொல்லு!" என்று வாசலே சத்தம் போட்டது. தேசப்பன் கழுத்தைச் சொறிந்தார். "எனக்கும் அதான் மேடம் கை வரல. அந்தப் பேச்ச வாய வுட்டுச் சொல்லவும் மனசு வரல. அதான் அல்லாரும் மெஷின் மேல பழியப் போட்டோம்."

சுஜா தலையில் கை வைத்துக்கொண்டாள். "இதைச் சொல்றதுக்கு ஒரு வாரமா? இங்கிலீஷ்ல அந்தப் பட்டனுக்கு அப்படித்தான் பேரு வரும். நான் அப்படியே தமிழாக்கினேன். நகருங்க, ஒரே ஒரு வரி."

அவள் தட்ட ஆரம்பித்தாள். தங்கபுஷ்பத்துக்கு மண்டிக்காரர் மகன் கை நழுவுவது கண்ணெதிரே தெரிந்தது. ஆனாலும் வெற்றியை மேலும் கீழும் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"உம் பொண்டாட்டி குடுத்து வச்சவ தம்பி. ஒரு பட்டனுக்கே அவள நினைக்கியே! எம் மவளுக்கும் உன்னைய மாதிரி ஒருத்தன் அமையணும்."

சுஜா அடித்ததை அழித்துத் திரும்ப அடித்தாள். தேசப்பன் என்னவோ ஃபேன் ரிப்பேர் மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கம் மறுபடி வந்தது. 'முடிந்தது' இருந்த இடத்தில் 'போயிட்டு வரேன்' என்று இருந்தது. வெற்றி சிரித்துக்கொண்டே அமுக்கினான். சீட்டு வந்தது. அவனுக்குப் பின்னால் டிரைவர்கள் இடித்துத் தள்ளிக்கொண்டு, கோயில் மணி அடிப்பது போல ஆளுக்கு ஒரு தரம் அமுக்கினார்கள். ஒருவர் கன்னத்தில்கூடப் போட்டுக்கொண்டார்.

"மேடம், உன் சாப்ட்வேரு இனிமே இங்கதான்" என்றார் தேசப்பன்.

தங்கபுஷ்பம் பெருமூச்சு விட்டாள். அதில் பாதி பெருமை என்பதை அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். வெற்றி மட்டும் சீட்டை வாங்கிக்கொண்டும் கிளம்பாமல் நின்றான்.

"இன்னும் என்ன தம்பி?"

"பட்டன்கிட்ட சொன்னா போதுமா? வூட்டுக்காரிகிட்ட சொல்லிகினு போவாணாமா?"

"சரியாச் சொன்ன போ!" தங்கபுஷ்பம் உருகிப்போய்த் தன் போனையே எடுத்து நீட்டினாள். "இந்தா, கூப்பிட்டுச் சொல்லிட்டு நல்லபடியா கெளம்பு."

வெற்றி போனை வாங்கவில்லை. சுஜாவைப் பார்த்து, "போய்ட்டு வரேன்" என்றான்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சுஜா சொன்னாள்: "எங்கம்மாகிட்டயும் சொல்லிட்டுப் போங்க."