எதிர்வீட்டுச் சாவி

"எக்காளம் ஊதி ஆண்டவர் வர்ற அன்னைக்கு நான் உயிரோடவே மேலே போயிடுவேன் தம்பி. பாவம், நாய் மட்டும் தனியா கிடக்கும். வேளாவேளைக்கு நீதான் சோறு வைக்கணும்" என்று சொல்லி, மெக்கானிக்கிடம் மாற்றுச் சாவியைக் கொடுத்திருந்தார் எதிர்வீட்டு டீச்சர்.

"நானும் மேலே வந்துட்டா என்னக்கா பண்ணுவீங்க?"

"நீயா? ஜெபக் கூட்டம் பக்கமே தலைவெச்சுப் படுக்காதவன் நீ!"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

இன்று காலை, எங்கிருந்தென்றே தெரியாமல் நீளமாக ஒரு எக்காளச் சத்தம் கேட்டது. அதன்பிறகு தெருவில் ஈ, காக்கை இல்லை. மெக்கானிக் ஓடிப்போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினான். பதில் இல்லை. நாய்கூடக் குரைக்கவில்லை. மாற்றுச் சாவியைப் போட்டுத் திருப்பினான்.

கூடத்தில், தரையில் உட்கார்ந்திருந்தார் டீச்சர்.

"அக்கா! இங்கதான் இருக்கீங்களா? அப்பாடா, ஒண்ணும் நடக்கல! நான் பயந்தே போயிட்டேன்."

டீச்சர் நிமிரவில்லை. அவர் மடியில் நாயின் கழுத்துப்பட்டை கிடந்தது. அதன் கொக்கி இன்னும் கழற்றப்படவில்லை.

"மடியிலதான் படுத்திருந்துச்சு தம்பி" என்றார். "மேலே போறப்போ, என்னை ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்துச்சு."