ஸ்பேர் கிட்டார்

"பேட்டரி போடுற கிட்டார் எதுவும் காட்டாதீங்க பாய்" என்றான் கிளிஃபர்ட்.

மந்தைவெளியில் பழைய வாத்தியங்கள் வாங்கி விற்கும் ஹபீபுர் ரஹ்மான், கையில் எடுத்த பேஸ் கிட்டாரைத் திரும்ப மாட்டினார்.

"நீங்க சொல்ற விலைக்கு இதைவிட நல்லது கிடைக்காது சார். முதுகுல சின்னதா ஒரு பேட்டரி. சத்தம் கும்முனு வரும்."

"பேட்டரி தீர்ந்துட்டா?"

"சத்தமே வராது. புதுசு போட்டுக்கினு போவணும், அவ்ளோதான்."

"நல்லதைக் கழட்டிட்டு, தீர்ந்துபோனதை யாராவது வச்சுட்டா?"

பாய் சிரித்துவிட்டார். "எவன் சார் அப்படிச் செய்வான்?"

கிளிஃபர்ட் சிரிக்கவில்லை. அவன் வாசிக்கும் கிட்டாரும் பேட்டரி வகைதான். அதற்குத் துணையாக மேடையில் இன்னொன்று இருந்தே ஆக வேண்டும். அதுவும் இன்றைக்கே.

காரணம் ஹென்றி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜெயபாரதி மேடத்தின் இன்னிசைக் குழுவில் பேஸ் வாசித்தவன் ஹென்றிதான். அவனுக்கும் கிளிஃபர்ட்டுக்கும் ஒரே வயது. ஒரே சர்ச் பாடல்குழுவில் வளர்ந்தவர்கள். தி.நகரில் ஒரு பெரிய இடத்து வரவேற்பில், மூன்று பாட்டுக்கு வாசிக்க முடியாமல் மரம் மாதிரி நின்றான் ஹென்றி. மறுநாளே மேடம் அவனை நிறுத்திவிட்டார். அந்த இடத்துக்கு கிளிஃபர்ட் வந்தான்.

அதன்பிறகு ஹென்றி கிட்டாரைத் தொடவில்லை. மைக் செட் வேலைக்குப் போய்விட்டான். இன்று சாயந்திரம் அபிராமபுரத்தில் நடக்கும் வரவேற்புக்கு மைக் செட் அவனுடையது என்று காலையில்தான் தெரிந்தது. அப்போதிலிருந்து கிளிஃபர்ட்டுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஹென்றி அண்ணன் உங்களை என்ன பண்ணிடப் போறாரு?" என்று மனைவி லூயிசா கேட்டபோது அவன் மந்தைவெளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

பாய் உள்ளேயிருந்து ஒரு பழைய சிவப்பு கிட்டாரை எடுத்து வந்தார். "இதுல பேட்டரி கிடையாது. ஆனா வயர் சொருகுற இடம் லூசு. ரெண்டு நாள் குடுங்க, பத்த வச்சுத் தரேன்."

"நேரமில்ல பாய். இப்படியே குடுங்க."

மண்டபத்தில் ஹென்றி முன்னதாகவே வந்திருந்தான். கிளிஃபர்ட்டைப் பார்த்துத் தலையசைத்தான். அவ்வளவுதான். ஒவ்வொரு வாத்தியமாகச் சத்தம் சரிபார்த்தார்கள். கிளிஃபர்ட் தன் கிட்டாரை வாசித்தபோது மட்டும் ஹென்றி நிமிர்ந்து ஒரு மாதிரி பார்த்தான்.

கிட்டாரை விட்டு நகரவே கூடாது என்றுதான் இருந்தான். ஆனால், பாட்டு வரிசையை மாற்ற வேண்டும் என்று மேடம் கூப்பிட்டார். போய் ஐந்தே நிமிஷத்தில் திரும்பினான்.

அவனுடைய கிட்டார் பக்கத்தில் ஹென்றி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கையில் ஸ்க்ரூ டிரைவர்.

ஹென்றி எழுந்து, அவனைத் தாண்டி, தன் மேஜைக்குப் போய்விட்டான்.

கழற்றிப் பார்க்க நேரமில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையேறிவிட்டார்கள். "ஸ்டார்ட்" என்றார் மேடம்.

கிளிஃபர்ட் சிவப்பு கிட்டாரை மாட்டிக்கொண்டான்.

இரண்டு பாட்டு ஓடியது. மூன்றாவதில் கரகரவென்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. கம்பியை எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றுமில்லை. வயரை ஆட்டினான், திருகினான். முன்வரிசை முழுவதும் தன்னையே பார்ப்பது போல இருந்தது. மேடம் பாடிக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

வேறு வழியில்லை. ஹென்றி கைவைத்த கிட்டாரை எடுத்தான். கண்ணை மூடிக்கொண்டு கம்பியைத் தட்டினான்.

கும்மென்று வந்தது.

எந்தப் பாட்டில் நிற்குமோ, எந்த அடியில் அடங்குமோ என்று ஒன்றரை மணி நேரம் பயந்துகொண்டே வாசித்தான். நிற்கவில்லை. கடைசிப் பாட்டுக்குக் கைதட்டல் எழுந்ததும் கிட்டாரைக் கழற்றி வைத்தான்.

ஹென்றி வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான். கிளிஃபர்ட் போய் எதிரில் நின்றான்.

"என் கிட்டார்ல என்னடா பண்ணின?"

"பேட்டரி மாத்தினேன். செக் பண்றப்பவே சத்தம் பிசிறு தட்டுச்சு. பத்து நிமிஷம்கூடத் தாங்கியிருக்காது. என் பையில புதுசு இருந்துச்சு, போட்டுட்டேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

கிளிஃபர்ட்டால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "எனக்குப் போய் ஏண்டா இதெல்லாம் செய்யற?"

ஹென்றி கடைசி வயரைப் பெட்டியில் வைத்து மூடினான்.

"சத்தம் வராத கிட்டாரோட அத்தனை பேர் முன்னாடி நிக்கிறது இருக்கே, அந்தப் பயம் யாருக்கும் வரக்கூடாதுடா. என் பேட்டரியை நீ மாத்தி வச்சப்ப உனக்கு அது தெரிஞ்சிருக்காது."