சம்பந்தி வீட்டுப் பம்ப்

“சம்பந்தி, உங்க கால்ல விழுந்து கேக்கறேன். பொண்ணை அனுப்பி வைங்க. நாளைக்கு இங்க ஒரு விசேஷம். முடிஞ்ச கையோட நானே திருப்பி அனுப்பிடறேன்.”

ஃபோர்மேன் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவருக்குப் பெண்ணும் கிடையாது, பிள்ளையும் கிடையாது. கட்டிக்கொண்டு அழ அவருக்கு வாய்த்தது விமானப்படையின் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றுதான்.

‘பொண்ணு’ என்பது போர் விமானத்தின் எரிபொருள் பம்ப். ‘சம்பந்தி’ என்பவர் ஆற்றுக்கு அக்கரையில் இதே மாதிரி ஒரு பட்டறையை வைத்துக்கொண்டு இதே மாதிரி அல்லாடுகிற இன்னொரு ஃபோர்மேன். ஒரே பம்ப் இரண்டு பட்டறைக்கும் போய்ப் போய் வந்ததில் உண்டான உறவு இது.

“நல்லா இருக்கே நியாயம்! வந்தவ இன்னும் செருப்பைக்கூடக் கழட்டல, அதுக்குள்ள பொறந்த வீட்டுக்கா?” என்றது அக்கரைக் குரல். “எங்களுக்கு மட்டும் விசேஷம் இல்லையா?”

“பிரேக் ரப்பர் இல்லாம நீங்க தவிச்சப்ப நான் கழட்டிக் குடுக்கலையா? மனசாட்சியோட பேசுங்க சம்பந்தி.”

மறுமுனையில் நீண்ட பெருமூச்சு. “சரி சரி, அழாதீங்க. காலையில மீன்கூடையில வரும். ஆனா நாளைக்குச் சாயங்காலம் எனக்குத் திரும்ப வந்தாகணும். வரலேன்னா நம்ம உறவு அன்னியோட சரி.”

கெஞ்சாமல் மனிதர் என்னதான் செய்வார்? விமானத்தைச் செய்த கம்பெனி, கேட்டவர்களுக்கெல்லாம் விற்றுத் தள்ளிவிட்டு என்றைக்கோ கடையைக் கட்டிவிட்டது. ஒரு ஆணி வேண்டுமென்றாலும் ஆண்டவனைத்தான் கேட்க வேண்டும்.

தளத்தில் இருந்த ஆறு விமானங்களில் ஐந்தைப் பிரித்து மேய்ந்துதான் ஆறாவதை ஒப்பேற்றி வைத்திருந்தார். மிச்ச ஐந்தும் கொட்டகையில் எலும்பும் தோலுமாக நின்றன. அதில் ஒன்றின் மூக்கிலிருந்து இன்னொன்றின் வாலுக்குக் கயிறு கட்டி, பட்டறைக்காரர்கள் துணி காயப்போட்டிருந்தார்கள்.

போனை வைத்ததும் கமாண்டர் உள்ளே வந்தார். “யோவ், நாளைக்கு மந்திரி முன்னால அது பறக்கணும். பறக்கலேன்னா பட்டறைக்குப் பூட்டுதான். விமானத்தைக் கொண்டுபோய் ரவுண்டானாவுல நிறுத்திடுவாங்க. பக்கத்துலயே உன்னையும் நிறுத்திடுவேன்.”

“பறக்கும்ங்கய்யா” என்றார் ஃபோர்மேன். பட்டறையை நம்பியிருந்த நாற்பது குடும்பமும் அவர் கண்முன்னே வந்து போயின.

மறுநாள் காலையில் படகில் கூடை வந்தது. மேலே மீன், அடியில் பம்ப். துடைத்து, எண்ணெய் விட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு மாட்டினார்.

“என்னய்யா, விமானத்துல மீன் வாடை?” என்று மூக்கைச் சுளித்தார் கமாண்டர்.

“அது தண்ணி தாண்டி வந்த சாமானுங்கய்யா. அப்படித்தான் இருக்கும்.”

விமானம் கிளம்பியது. அந்தப் பம்புக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சூடானதும் ‘லொக் லொக்’ என்று இரண்டு தரம் இருமிவிட்டுத்தான் ஒழுங்காக ஓடும். அது இருமிய நேரத்தில் ஃபோர்மேனுக்கு உயிரே போய் வந்தது. நல்லவேளை, மந்திரி அதையும் ஏதோ சாகசம் என்று நினைத்துக் கை தட்டினார்.

“பாத்தீங்களா சார்!” என்று கமாண்டர் மீசையை முறுக்கினார். “நம்ம விமானம் மேல போற அன்னிக்கு எதிரி ஒருத்தனாவது வானத்துல தலை காட்டுறானா? ஒரு நாளும் கிடையாது. அவ்வளவு பயம்!”

ஃபோர்மேனுக்குத் திடீரென்று புரையேறியது.

“பிரமாதம்!” என்றார் மந்திரி. “அடுத்த வாரம் ஜனாதிபதியைக் கூட்டிட்டு வர்றேன். அவருக்கும் இதே மாதிரி காட்டுங்க. அவர் பாத்துட்டார்னா இந்தப் பட்டறையை எவனும் தொட முடியாது.”

அன்று சாயங்காலம் சொன்ன சொல் தவறாமல் பம்பைக் கழற்றி, மீனுக்கு அடியில் படுக்க வைத்துப் படகேற்றினார். “நல்லபடியாப் போயிட்டு வாடி, கண்ணு” என்று வழியனுப்பினார். அடுத்த வாரம் சம்பந்தியிடம் மறுபடியும் கெஞ்ச வேண்டும். கெஞ்சினால் போகிறது.

மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அபாயச் சங்கு அலறியது. தளமே தலைதெறிக்க ஓடியது. கமாண்டர் ஒரு கால் ஷூவும் ஒரு கால் செருப்புமாகப் பீரங்கி மேடைக்குப் பாய்ந்தார்.

“எதிரி விமானம்! ஒத்தையாத்தான் வர்றான். கிட்ட வரட்டும். இன்னிக்கு அவன் தொலைஞ்சான்!”

ஆற்றுப் பக்கத்து வானத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. அது வளர்ந்து விமானமானது. தலைக்கு நேராக வந்ததும் ‘லொக் லொக்’ என்று இரண்டு தரம் இருமியது.

ஃபோர்மேன் பிரஷ்ஷை வீசிவிட்டு ஓடினார். மேடை மேல் தாவி ஏறி, பீரங்கிக் குழாயை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்கினார்.

“விடுய்யா! பைத்தியமா உனக்கு? தலைக்கு மேல எதிரி வர்றான்!”

வாயெல்லாம் நுரையோடு ஃபோர்மேன் கதறினார்.

“சுடாதீங்கய்யா! அதுல ஓடுறது நம்ம பம்ப்!”