வடக்குச் சரிவு

"மறுபடியும் செடியைக் காணோம், சார்."

நர்சரியைக் கவனிக்கும் அம்மாள் இப்படி வந்து நின்றதும் மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். சுரங்கத்தை மூடிய பிறகு, தோண்டிக் கொட்டிய மண்மேட்டில் பழையபடி காட்டைக் கொண்டுவருவதுதான் அவர்கள் வேலை. மேட்டின் தெற்குப் பக்கம் ஓரளவு பச்சை பிடித்துவிட்டது. இந்த நேரம் பார்த்து, சில மாதங்களாகவே நர்சரியில் கன்றுகள் மாயமாகிக்கொண்டிருந்தன.

இது நிற்காவிட்டால் நர்சரியையே மூடிவிட்டு, சீக்கிரம் வளரும் கன்றாக வெளியில் வாங்கி நட்டுவிடலாம் என்றார் மேனேஜர்.

ஒவ்வொரு கன்றும் அவள் கைபட்டு வளர்ந்தது. சுரங்கத்துக்குத் தப்பிய பக்கத்துக் குன்றில் விதை பொறுக்கி, கல் போன்ற மேலோட்டை உரசி, வெந்நீரில் ஊறப்போட்டு முளைக்கவைத்த காட்டுச் செடிகள். இந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்கள். கடையில் கேட்டால் பெயர்கூடத் தெரியாது.

வாட்ச்மேனைப் பிடித்து உலுக்கினாள். அவர் தலையைச் சொறிந்தார்.

"வேத்தாளு ஒருத்தரும் உள்ள வரலம்மா. சத்தியமா."

வீட்டுக்கு வந்து புலம்பினாள். கணவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"திருடன் நல்ல ரசனைக்காரன் போல."

அந்தச் சுரங்கத்தில் காலமெல்லாம் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். செடி என்று அவள் பேச்செடுத்தாலே கொட்டாவி விடுவார். வடக்குச் சரிவு விவகாரத்திலும் அப்படித்தான். அங்கேயும் நட்டுப் பார்க்கலாம் என்று அவள் மீட்டிங்கில் கேட்டதற்கு, அது வெறும் பாறைத்தூள், புல்கூட முளைக்காது, கன்றை வீணாக்காதீர்கள் என்று எல்லோர் முன்னாலும் மேனேஜர் முகத்திலடித்தாற்போலச் சொல்லிவிட்டார். அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து அவள் அழுதபோது, கணவர் பாட்டுக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போனார். அந்த வருத்தம் அவளுக்கு இன்னும் இருந்தது.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் அவசரமாகக் கிளம்பி நர்சரிக்குப் போனாள். கன்று வரிசையில் புதிதாக ஓர் இடைவெளி. பக்கத்தில், ஈர மண்ணில் செருப்புத் தடம். வாயிலை நோக்கிப் போகும் என்று நினைத்தாள். அது மேட்டைச் சுற்றிக்கொண்டு வடக்குப் பக்கம் ஏறியது.

வளைவைத் தாண்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மொட்டைச் சரிவில் அங்கங்கே பச்சை. ஆழமாகக் குழி வெட்டி, நல்ல மண்ணைச் சுமந்துவந்து நிரப்பி, காற்று அடிக்காத மாதிரி ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் கல் அடுக்கியிருந்தது. முதலில் நட்டவை முழங்கால் உயரம் வந்திருந்தன. ஒரு புதரில் மஞ்சளாகப் பூக்கூட விட்டிருந்தது. காணாமல்போன அத்தனையும் இங்கேதான் இருந்தன. உட்கார்ந்து ஒரு தளிரைத் தொட்டுப் பார்த்தாள். நேற்றுவரை இருந்த ஆத்திரம் போன இடம் தெரியவில்லை. மேனேஜரைக் கையோடு கூட்டிவந்து இதைக் காட்ட வேண்டும், அப்புறம் அவர் நர்சரியை மூடுவதைப் பற்றிப் பேசட்டும் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது.

சற்று மேலே, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, முதுகைக் காட்டியபடி குந்தியிருந்தான் திருடன். புதிதாக நட்ட கன்றுக்குப் பாட்டிலிலிருந்து தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தான். அவள் காலடிச் சத்தம் கேட்டும் ஓடவில்லை. திரும்பவும் இல்லை.

"கேட்டா மேனேஜருக்குப் பயந்து குடுத்திருக்கமாட்ட, அதான் சொல்லாம எடுத்தேன்" என்றது அந்தக் குரல். "ஃப்ளாஸ்க்ல காபி போட்டு வெச்சிட்டு வந்தேனே, குடிச்சியா, இல்ல வெறும் வயித்தோட வந்துட்டியா?"