உச்சி வெயிலில் ஒரு குரல்

"எல்லாம் இவளாலதான்யா" என்றபடி அம்பாசிடரிலிருந்து இறங்கினார் கவிஞர் தழல்வேந்தன். "பொண்ணு போனதுலேர்ந்து என் வீட்டுக்காரிக்குப் புத்தி சரியில்ல. செத்தவங்களைப் பேச வைக்கிற பொம்பளை ஒருத்தி இந்த உப்பளத்துப் பக்கம் இருக்காளாமே? அவகிட்ட போனாத்தான் ஆச்சுன்னு ஒத்தைக்கால்ல நிக்கிறா."

தேசப்பனுக்குச் சங்கடமாக இருந்தது. மரக்காணத்தில் பகுத்தறிவு மன்றம் நடத்துகிறவன் அவன். சாயங்காலக் கூட்டத்துக்குக் கவிஞரை அழைத்ததும் அவன்தான். பேயும் பிசாசும் பொய் என்று ஊர் ஊராகப் பாடுகிற மனிதருக்கு இப்படியா ஒரு பெண்டாட்டி வாய்க்க வேண்டும்?

அவர் மனைவி ஞானாம்பாள் கார் ஓரமாகத் தலைகுனிந்து நின்றாள்.

"யாருக்கும் தெரியக்கூடாதுப்பா" என்றார் கவிஞர்.

"குப்பம்மா வீடுதானே? நான் கூட்டிட்டுப் போறேங்க."

அந்த வீடு அவனுக்குத் தெரியும். செத்துப்போன அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசணும் என்று போன மாதம் அவன் மனைவி பாப்பாத்தி அங்கே போகக் கெஞ்சினாள். கவிஞரின் பாட்டைச் சொல்லித்தான் அவளை அடக்கினான். அன்றிலிருந்து அவள் அவனிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

சித்திரை மாதத்து உச்சி வெயில். உப்பளத்தில் ஆள் நடமாட்டமே இல்லை. பாத்தியில் விளைந்த உப்பு கண்ணைக் குத்தியது. கீற்று போட்டு மூடிய உப்புக் குவியல்கள், பிணங்களைக் கிடத்தியதுபோல வரிசையாகக் கிடந்தன. வரப்பில் மூன்று பேர் நடக்கிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

குப்பம்மாவுக்கு ஆம்பளைக் குரல். "யாரைக் கூப்பிடணும்?" என்றாள்.

"வெண்ணிலாவை. எங்க பொண்ணு. ஏழு வயசு" என்றார் கவிஞர். பிறகு தேசப்பனிடம் திரும்பி, "நீ வெளியவே இருப்பா. இவளைத் தனியா விட முடியாது, நான் துணைக்கு இருக்கேன்" என்று தட்டிக்கதவைச் சாத்திக்கொண்டார்.

உள்ளே குப்பம்மா கொஞ்ச நேரம் முனகினாள். முனகல் நின்றது.

"அப்பா..."

தேசப்பனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. குழந்தைக் குரல்! குடிசைக்குள் குழந்தை யாரும் இல்லையே!

"அப்பா, இங்க ஒரே இருட்டா இருக்குது. வாயெல்லாம் உப்புக் கரிக்குதுப்பா..."

அடுத்த நொடி ஒரு அழுகை வெடித்தது. மனிதர் அழுகிற மாதிரியே இல்லை. கழுத்தை நெரித்தால் வருமே, அப்படி ஓர் ஓலம். பாவம், பெற்றவள் வயிறு! ஓலம் விட்டு விட்டு வந்தது. பிறகு மூச்சு முட்டுவதுபோல் விக்கியது.

'அந்தம்மா செத்துடப் போவுது' என்று பதறித் தட்டியைத் தள்ளினான்.

ஞானாம்பாள் மூலையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் சொட்டு நீர் இல்லை.

தரையில் குப்புற விழுந்து, குப்பம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு கதறிக்கொண்டிருந்தவர் கவிஞர்.

"இன்னொரு வாட்டி கூப்பிடுடி கண்ணு! ஒரே ஒரு வாட்டி!"

குப்பம்மாவின் விழிகள் மேலே செருகியிருந்தன. உதடு அசைந்த மாதிரித் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"அப்பா..."

தேசப்பன் சத்தமில்லாமல் தட்டியைச் சாத்தினான்.

சாயங்காலம் கூட்டம் நிரம்பி வழிந்தது. வெள்ளை வேட்டி, கறுப்புக் கண்ணாடியோடு மேடையில் கவிஞர் முழங்கினார்.

"தோழர்களே! மூடநம்பிக்கை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டாம். என் வீட்டிலேயே இருக்கிறது! செத்த மகள் பேசுவாள் என்று நம்புகிற என் மனைவியையே என்னால் திருத்த முடியவில்லை!"

கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஞானாம்பாளை எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். "பைத்தியம்பா" என்று யாரோ சொன்னது அவள் காதிலும் விழுந்திருக்கும்.

தேசப்பனுக்கு ரத்தம் கொதித்தது. இந்த ஆளின் பாட்டைச் சொல்லியா பாப்பாத்தியை அழ வைத்தோம்? அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் விருட்டென்று எழுந்தான்.

ஞானாம்பாள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்க தம்பி."

"எப்படிம்மா உக்கார்றது? கால்ல விழுந்து அழுதது அவரு, பழி உங்களுக்கா? மைக்கைப் புடுங்கி எல்லாத்தையும் சொல்லிடறேன்!"

"சொல்லிட்டா அப்புறம் அவரு அந்தக் குடிசைப் பக்கமே வரமாட்டாரு."

"வராட்டிப் போறாரு! அது உங்க பொண்ணு குரல்தான்னு நீங்களும் நம்புறீங்களா?"

அவள் மேடையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"வெண்ணிலா பொறவி ஊமை தம்பி, 'அப்பா'ன்னு அவ ஒருநாளும் கூப்பிட்டதில்ல. அது அவருக்கும் தெரியும்... பைத்தியம்ங்கிற பேரு எனக்கே இருக்கட்டும், அவர் அந்தக் குரலைக் கேட்டுக்கட்டும்."