மாடு முட்டிய கன்னம்

துடியலூர் கிளினிக்கில் டாக்டர் அரங்கசாமி, நஞ்சுண்டன் கொண்டுவந்த எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இடது கன்ன எலும்பு மூன்று இடத்தில் முறிந்திருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த நஞ்சுண்டனின் கன்னத்திலோ வீக்கமே இல்லை.

"மாடு முட்டுனதுங்களா?"

"ஆமாங்க டாக்டர். காலைல பால் கறக்கறப்ப."

டாக்டர் அவர் கன்னத்தை அமுக்கினார். "வலிக்குதுங்களா?"

"நீங்க இப்படி அமுக்குனா வலிக்காதுங்களா?"

"பாக்கறதெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுங்களா?"

"தெரியோணுங்களா?"

"எலும்பு உள்ளே எறங்கியிருந்தா தெரியோணும்."

"அப்பத் தெரியுதுங்க."

டாக்டருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இப்படியொரு முறிவை அவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் படத்தில் முறிவு பளிச்சென்று தெரிகிறதே. எலும்பைத் தூக்கி நிறுத்திவிடுவோம் என்று ஈறில் மரத்துப்போகும் ஊசியைப் போட்டார். நஞ்சுண்டன் வாயை நன்றாகத் திறந்து ஒத்துழைத்தார்.

டாக்டர் கத்தியைக் கையில் எடுத்தபோது, நஞ்சுண்டன் மரத்த வாயால் மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க, எம்பட சம்சாரத்தை எப்பங்க உள்ளே வரச் சொல்றது? முட்டு வாங்குன கன்னத்தைப் புடிச்சுட்டு வெளியவே உக்காந்திருக்கறா."

டாக்டர் கத்தியைக் கீழே வைத்தார். "முட்டுனது அவங்களையா? முன்னாடியே சொல்றதுக்கென்னங்க?"

"நீங்க இத்தனை அக்கறையாப் பாக்கறப்ப, நானில்லீங்கன்னு எப்படிங்க சொல்றது?"

அவர் மனைவி சாமியாத்தாள் வீங்கிய கன்னத்தோடு உள்ளே வந்து உட்கார்ந்தாள். டாக்டர் இன்னொரு ஊசியை எடுத்தார்.

"எனக்கு எதுக்குங்க வீண் சிரமம்?" என்றாள் அவள். "அதுதான் அவருக்குப் போட்டுட்டீங்களே."