முகத்தோடு சேராத கை

டீ டம்ளரை வாங்கும்போதும் ஓவியரின் கோணல் சுண்டுவிரல் தனியாக நீட்டிக்கொண்டு நின்றது. தேவாலயச் சுவரில் ஏசுவின் கைகளை மட்டும் முடித்திருந்தார்.

"ஏங்க, இப்படியா மாநிறமா அடிப்பீங்க? ஏசுன்னு யாரு நம்புவா?" என்றாள் மனைவி.

"அவர் யூதர்டி. தச்சு வேலை பாத்து, வெயில்ல ஊர் ஊரா நடந்தவர். வெண்ணெய் மாதிரியா இருந்திருப்பார்?"

"கும்பிடுறவங்களுக்கு அந்தக் கதையெல்லாம் எதுக்கு? முகத்தையாவது நல்லா செவப்பா வரைங்க."

சிரித்தார். மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர் எழவேயில்லை.

மீதியை வேறொருவர் வரைந்தார். முகம் அவள் கேட்டபடியே வெளுப்பு.

"கை மட்டும் ஒட்டலம்மா," என்றார் பாதிரியார். "அதையும் வெள்ளையாக்கிடச் சொல்றேன்."

"கையைத் தொடாதீங்க ஃபாதர். வேணும்னா முகத்தை மாத்துங்க."

"நீங்களா இப்படிப் பேசுறீங்க?"

அவள் சுவரைக் காட்டினாள். ஆசீர்வதிக்க உயர்ந்த கையில் சுண்டுவிரல் மட்டும் கோணலாக, தனியாக நீட்டிக்கொண்டு நின்றது.

பாதிரியார் ஏணியை எடுத்துப்போகச் சொன்னார்.

அதற்குப் பிறகு முகத்தை இரண்டு முறை மாற்றிவிட்டார்கள். விரல் இன்னும் கோணல்தான்.